கடைமடைக்கும் பாயும் அறிவு

நுழையும்முன்

நுண்ணோக்கியின்வழிக் கண்ட காட்சி ஒருவரின் கணினியிலேயே உறங்கிவிட்டால் அது பிறருக்குப் பயன்படும் அறிவாக வளர்வதில்லை. படிமத்தைப் பழுதின்றிப் பாதுகாத்தல், அதன் பிறப்பு விவரங்களைப் பதிந்துவைத்தல், எவரும் திறந்து பார்க்கும் வடிவில் வழங்குதல் ஆகியன இன்று தனியொரு பணித்துறையாக வளர்ந்துள்ளன. விளம்பரமின்றி அறிவியலைத் தாங்கிநிற்கும் அப்பணியின் இயல்பையும் தேவையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வாய்க்காலும் வரப்பும்

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலைத் தேடும் நிலப்பரப்பின் கிழக்கு விளிம்பில் அமைந்தது காரைக்கால். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறாக இருப்பினும் இம்மாவட்டம் புதுச்சேரி நகரோடு நிலத்தொடர்பு இல்லாதது. ஒருபுறம் வங்கக்கடலும் பிற புறங்களில் தமிழ்நாட்டின் மாவட்டங்களும் இதனைச் சூழ்ந்துள்ளன. அரசலாறு, நூலாறு, திருமலைராசனாறு எனப் பல பெயர்களில் ஓடிவரும் காவிரி, இம்மண்ணை நனைத்த பின்னரே கடலில் கலக்கிறது. ஆற்றுப்பாசனத்தின் இறுதியில் அமைந்த இத்தகைய நிலத்தை உழவர்கள் 'கடைமடை' என்பர்.

கடைமடை உழவரின் கவலை தனித்தன்மை உடையது. மேட்டூரில் அணை திறந்த செய்தி அவருக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் அச்செய்தி மட்டுமே அவர் வயலை நனைத்துவிடாது. இடையிலுள்ள மதகுகள் ஒழுங்காக இயங்க வேண்டும். வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு வழங்கிய இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அவ்வளவை மாற்றவில்லை. தீர்ப்பு உரிமையை அளிக்கிறது. வாய்க்காலைத் தூர்வாருபவரின் உழைப்பே நீரை வயலில் சேர்க்கிறது.

அறிவுக்கும் இது பொருந்தும். 'அறிவியல் அனைவர்க்கும் பொது' என்னும் கொள்கையை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அக்கொள்கை கடைக்கோடி ஊரின் கல்லூரி மாணவரைச் சென்றடைய வேண்டுமாயின், அதற்கான வாய்க்காலை வெட்டுபவரும் ஆண்டுதோறும் தூர்வாருபவரும் தேவை. உயிரியல் படிமங்களின் உலகில் அப்பணியைச் செய்பவர்களே திறமூல மென்பொருளாளர்களும் தரவுக் காப்பாளர்களும் ஆவர்.

காட்சி எண்ணாகிறது

முற்கால உயிரியலாளர், நுண்ணோக்கியில் கண்டதைக் கையால் வரைந்தார். இன்றைய நுண்ணோக்கியோடு இணைந்த ஒளிப்படக்கருவி, கண்டதனைத்தையும் எண்களாக மாற்றுகிறது. படிமத்தின் ஒவ்வொரு படப்புள்ளியும் அவ்விடத்து ஒளிர்வைக் குறிக்கும் ஓர் எண். கைப்பேசியில் பகிரப்படும் ஒளிப்படத்தில் ஒரு வண்ணத்தின் ஒளிர்வு பொதுவாக 256 படிநிலைகளில் பதியப்படும். ஆய்வுக்குரிய படிமம் 16 பிட் அளவில் பதியப்படுமாயின் 65,536 படிநிலைகளைக் கொள்ளும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு உயிரணுக்களுள் எதில் ஒரு புரதம் மிகுதியாக உள்ளது என்பதை இந்த நுண்ணிய வேறுபாடே உணர்த்தும்.

எண்கள் மட்டும் போதுமா? ஒரு படிமத்தின் நடுவே வட்டமான பொருளொன்று தெரிகிறது எனக் கொள்வோம். ஒரு படப்புள்ளி எத்தனை மைக்ரோமீட்டருக்குச் சமம் என்னும் குறிப்பு இல்லையெனில், அது பாக்டீரியமா, மகரந்தத் துகளா, மீனின் முட்டையா என்று அளவைக்கொண்டு கூற இயலாது. எந்த உயிரி, எந்த நாள், எந்தச் சாயம், எந்த வில்லை, எவ்வளவு நேரம் ஒளி பட்டது என்னும் விவரங்களும் அவ்வாறே இன்றியமையாதவை. தரவைப் பற்றிய இத்தரவை 'மீத்தரவு' என்பர். மீத்தரவை இழந்த படிமம், முகவரி அழிந்த மடல் போன்றது. மடல் கையில் இருக்கும். சேர வேண்டிய இடம் தெரியாது.

இத்துடன் வேறோர் இடரும் உண்டு. நுண்ணோக்கி உருவாக்கும் நிறுவனங்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக்கோப்பு வடிவங்களை வகுத்துக்கொண்டன. ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த படிமத்தைத் திறக்க அந்நிறுவனத்தின் மென்பொருளையே நாட வேண்டியதாயிற்று. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் முடிவும் விலைகொடுத்து வாங்கிய திறவுகோல் இன்றித் திறக்காத பெட்டியாயிற்று. உரிமக் கட்டணம் செலுத்த இயலாத சிறு கல்லூரிகள் வாயிலிலேயே நின்றன.

ஒருவர் திறந்த மதகு

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றியவர் வேய்ன் ராஸ்பேண்ட். ஆய்வாளர்களுக்குக் கணினிவழி உதவி செய்வது அவர்தம் பணி. மேசைக்கணினி பரவத் தொடங்கிய காலத்தில், 1987ஆம் ஆண்டு, மெக்கின்டாஷ் கணினியில் இயங்கும் படிமப் பகுப்பாய்வு மென்பொருள் ஒன்றை அவர் உருவாக்கினார். அது 'என்.ஐ.எச். இமேஜ்' எனப்பட்டது. ஒரே வகைக் கணினியில் மட்டும் இயங்கியது அதன் குறை. அக்குறையை நீக்க 1997ஆம் ஆண்டில் ஜாவா மொழியில் புதிதாக எழுதப்பட்டதே 'இமேஜ் ஜே'. எந்தக் கணினியிலும் இயங்கும் தன்மையை அது பெற்றது.

அம்மென்பொருளை ராஸ்பேண்ட் பொதுவுடைமையாக வழங்கினார். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம். அதனுடன் 'செருகுநிரல்' எழுதி இணைக்கும் வழியும் திறந்திருந்தது. தாவர இலையின் பரப்பை அளக்க விரும்பியவர் அதற்கொரு செருகுநிரல் எழுதினார். நரம்பணுவின் கிளைகளைத் தடம்பற்ற விரும்பியவர் வேறொன்று எழுதினார். ஒருவர் தம் தேவைக்காகச் செய்தது அடுத்தவர்க்கும் கருவியாயிற்று. அவ்வாறு பெருகிய செருகுநிரல்களை ஒன்றுதிரட்டி எழுந்த தொகுப்பே 'ஃபிஜி'. 2012ஆம் ஆண்டில் அறிவியல் இதழ் ஒன்று இம்மென்பொருளின் 25 ஆண்டு வரலாற்றைத் தனிக்கட்டுரையாக வெளியிட்டுச் சிறப்பித்தது. ராஸ்பேண்ட் 2010ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற பின்னரும் அதனைச் செப்பனிடும் பணியைத் தொடர்ந்தார். புதியதைக் கண்டுபிடித்தவர் என்பதினும், கண்டுபிடிப்போர்க்குக் கருவி அளித்துப் பல ஆண்டுகள் உடன்நின்றவர் என்பதே அவர்க்குரிய பெருமை.

படிமங்களைப் பகுத்தாயும் கருவி கிடைத்தபின், அவற்றைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் தேவை முன்னின்றது. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்வெட்லோவும் பிறரும் இணைந்து 'திறந்த நுண்ணோக்கியியல் சூழல்' என்னும் கூட்டுமுயற்சியைத் தொடங்கினர். படிமத்தின் மீத்தரவை எவ்வாறு எழுதவேண்டும் என்பதற்கு அவர்கள் பொது இலக்கணம் வகுத்தனர். நுண்ணோக்கிப் படிமங்களைச் சேமித்துத் தேடிப் பகிரும் 'ஒமேரோ' என்னும் வழங்கி மென்பொருளும் அம்முயற்சியில் பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழுவினருடன் சேர்ந்து வளர்த்த 'பயோ ஃபார்மட்ஸ்' என்னும் நிரல், 150க்கும் மேற்பட்ட கோப்பு வடிவங்களைப் படித்துப் பொதுவடிவில் தருகிறது. பல மொழி பேசுவோர் கூடிய அவையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அதனை ஒப்பிடலாம்.

தெரிந்து தெளிவோம்

படப்புள்ளி ஒன்றின் அகலம் 0.5 மைக்ரோமீட்டர் என்னும் நுட்பத்தில் 1 சதுர செ.மீ. பரப்பைப் படம்பிடித்தால், நீளவாக்கில் 20,000, அகலவாக்கில் 20,000 என மொத்தம் 40 கோடி படப்புள்ளிகள் அமையும். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் கணக்கிட்டால் சுருக்கப்படாத நிலையில் அப்படிமம் 120 கோடி பைட்டு, அதாவது ஏறத்தாழ 1.2 ஜிகாபைட்டு இடத்தைக் கொள்ளும்.

தரவுக் காப்பாளரின் நாள்

இத்துறையில் பணிபுரிவோரின் வேலை, ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இடம்பெறுவது அரிது. ஆய்வுமாணவர் ஒருவர் பதற்றத்துடன் வருவார். அவர் எடுத்த படிமம் திறக்க மறுக்கிறது. கோப்பின் உள்ளமைப்பை ஆராய்ந்து, எவ்விடத்தில் பிழை நேர்ந்தது எனக் காப்பாளர் கண்டறிவார். அடுத்து வருபவர், ஆயிரக்கணக்கான படிமங்களில் உயிரணுக்களை எண்ண வேண்டும் என்பார். அவர் கையால் செய்யின் மாதக்கணக்கில் நீளும் பணியைச் சில வரி நிரலில் முடிக்கும் வழியைக் காப்பாளர் கற்பிப்பார். கோப்புகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்தல், படிமத்தை எடுத்த அன்றே மீத்தரவைப் பதியச் செய்தல், மென்பொருளின் பயன்பாட்டுக் கையேட்டை எளிய நடையில் எழுதுதல், புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தல் என அவர்தம் நாள் நகரும்.

காத்தல் தொழிலுக்கென உறுதியான நெறிகளும் உண்டு. தரவுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகை ஊடகங்களில் அமைதல் வேண்டும். ஒரு படியேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட காரைக்கால் கரைக்கு, மூன்றாம் விதியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. படியெடுத்த கோப்பு மூலத்தோடு எழுத்துப் பிசகாமல் ஒத்துள்ளதா என அறிய, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் 'சரிபார்ப்புத் தொகை' பயன்படுகிறது. கோப்பில் ஓர் எண் மாறினும் அத்தொகை மாறிவிடும்.

மூலப்படிமத்தைக் காப்பது அறிவியலின் நேர்மையையும் காப்பதாகும். எலிசபெத் பிக் என்னும் நுண்ணுயிரியலாளர் இருவருடன் இணைந்து 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படிமங்களைக் கூர்ந்து நோக்கினார். அவற்றுள் 3.8 விழுக்காட்டுக் கட்டுரைகளில், ஒரே படிமம் வெவ்வேறு ஆய்வுகளின் முடிவாக மீண்டும் காட்டப்பட்டமை போன்ற குறைகள் இருந்ததை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார். கவனக்குறைவால் நேர்ந்தவையும் அவற்றுள் உண்டு. வேண்டுமென்றே திருத்தியவையாகத் தோன்றியனவும் உண்டு. மூலப்படிமம் மீத்தரவோடு காக்கப்பட்டிருப்பின், ஐயம் எழும்போது உண்மையை எளிதில் நிறுவலாம். அது நேர்மையான ஆய்வாளருக்கு அரணாகவும் அமையும்.

அதே 2016ஆம் ஆண்டில் அறிவியல் தரவுக்கான நான்கு பண்புகள் வரையறுக்கப்பட்டன. தரவு கண்டறியத்தக்கதாகவும், அணுகத்தக்கதாகவும், பிற தரவுகளோடு இணைந்து இயங்கத்தக்கதாகவும், மீண்டும் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பன அவை. இந்திய அரசும் 2021ஆம் ஆண்டில் உயிரியல் தரவுப் பகிர்வுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் அரியானா மாநிலத்தின் பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கப்பட்டது.

சென்னையில் விரிந்த தரணி

இப்பணியின் பயனைத் தமிழ்நாட்டிலேயே காணலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் காட்டும் படிமத்தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் இம்மையத்தை வழிநடத்துகிறார். கருக்காலத்தின் இரண்டாம் பகுதியைச் சேர்ந்த மூளைகள் மிக மெல்லிய சீவல்களாக்கப்பட்டு, சாயமேற்றப்பட்டு, உயிரணு தெரியும் நுட்பத்தில் படமாக்கப்பட்டன. இவ்வாறு 5,132 சீவல்களின் படிமங்கள் திரட்டப்பட்டு முப்பரிமாண வடிவில் இணைக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான இத்தொகுப்புக்குத் 'தரணி' என்று பெயர். உலகம் என்னும் பொருளுடைய அப்பெயருக்கேற்ப, உலகினர் அனைவரும் கட்டணமின்றிக் காணுமாறு அது திறந்துவைக்கப்பட்டுள்ளது.

இத்துணைப் பெரிய படிமத்தை எளிய கணினியில் எவ்வாறு காண்பது? இங்கேதான் படிமப் பொறியாளரின் திறன் துணைநிற்கிறது. இத்தகைய பெரும்படிமங்களைப் பல சிறு சதுரங்களாகப் பகுத்து, முழுத்தோற்றம் முதல் நுண்தோற்றம் வரை பல அடுக்குகளாக அமைத்துவைப்பர். காண்பவர் எந்த இடத்தை எந்த நெருக்கத்தில் நோக்குகிறாரோ அதற்குரிய சதுரங்கள் மட்டுமே அவரை வந்தடையும். கைப்பேசியில் நிலப்படத்தைப் பெரிதாக்கிக் காண்பதும் இம்முறையாலேயே இயல்கிறது. கடல்நீர் முழுவதையும் சுமக்காமல் வேண்டிய அளவு முகந்துகொள்வது போன்றது இது. இணைய வேகம் குறைந்த ஊரிலுள்ள மாணவரும் மூளையின் ஓர் உயிரணு வரை சென்று காண இம்முறை வழிவகுக்கிறது.

மனிதரிடமிருந்து பெறும் தரவுக்குத் தனிப்பொறுப்பு உண்டு. உரியவரின் இசைவு, அறநெறிக் குழுவின் ஒப்புதல், பெயர் முதலிய அடையாளங்களை நீக்குதல் ஆகியன நிறைவேறிய பின்னரே அதனைத் திறந்துவைத்தல் தகும். எதைத் திறப்பது என்பதைப் போலவே எதை மறைத்துக் காப்பது என்பதை அறிதலும் காப்பாளரின் கடமை.

சுவடி காத்தவர் வழி

தமிழருக்கு இப்பணி முற்றிலும் புதியதன்று. ஓலைச்சுவடியின் இறுதியில் ஆண்டு, திங்கள், நாள், எழுதியவர் பெயர் முதலியவற்றைப் பொறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய மீத்தரவின் முன்னோடியாக அதனைக் கொள்ளலாம். ஓலை செல்லரிக்கும் முன் படியெடுத்துக் காத்த பலருடைய கைகளால்தான் பழைய நூல்கள் பிழைத்தன. 1855ஆம் ஆண்டு பிறந்தவரும் காவிரிப் படுகையின் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவருமான உ.வே. சாமிநாதையர், ஊர்தோறும் சென்று சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளையும் அவர் குறித்துவைத்தார். தாம் கொண்ட பாடமே முடிவென்று பிறவற்றை அழித்துவிடாமல், பின்வருவோர் ஆராயுமாறு விட்டுச்சென்ற அப்பண்பு, மூலத்தரவைக் காக்கும் இன்றைய நெறியோடு ஒத்தது.

புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் சுவடிகளைத் திரட்டிக் காத்துவருகிறது. ஏறத்தாழ 11,000 சுவடிகளைக் கொண்ட புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுதி, 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கும். கணினியின் வன்தட்டு சில ஆண்டுகளே தாங்கும். ஆதலின் படியெடுக்கும் கடமை முன்னையினும் இன்று விரைவு மிக்கதாயிற்று.

கரையோரத்தின் பங்கு

காரைக்காலில் 1987ஆம் ஆண்டு முதல் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இயங்குகிறது. 2010ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகமும், பின்னர் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளையும் வந்தன. வேளாண்மை, பொறியியல், மருத்துவம் ஆகிய மூன்றும் ஒரு சிறு மாவட்டத்தில் அருகருகே அமைந்திருப்பது உயிரியல் படிமத்துறைக்கு ஏற்ற நிலம். இத்துறை உயிரியலும் கணினியியலும் கைகோக்கும் இடத்தில் வளர்வது.

தொடக்கத்திற்கு ஓர் எளிய நுண்ணோக்கியும் கணினியும் போதும். நெற்பயிரைத் தாக்கும் குலைநோய்ப் பூசணத்தின் வித்துகள் பேரிக்காய் வடிவில் அமைந்தவை. அவற்றைப் படம்பிடித்து, அளவுகோலையும் நாளையும் வயலின் விவரத்தையும் பதிந்து, இமேஜ் ஜே மென்பொருளில் இடலாம். வித்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வின் எல்லையை வரையறுத்தால், மென்பொருள் வித்துகளைத் தனித்தறிந்து எண்ணிக்கையையும் பரப்பையும் பட்டியலாகத் தரும். அப்பட்டியலும் படிமமும் பொதுவடிவில் காக்கப்பட்டால், பல பருவங்களின் தரவுகளை வேறொரு நாட்டின் ஆய்வாளரும் ஒப்பிடலாம். இவ்வாறு ஒரு பருவத்தில் கற்ற மாணவர், மென்பொருளில் கண்ட பிழையைத் தெரிவிப்பதும், கையேட்டின் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதுவதும் திறமூல உலகிற்கு அளிக்கும் பங்களிப்புகளே. பைத்தான் போன்ற நிரல்மொழி ஒன்றையும் உயிரியலின் அடிப்படையையும் கற்றவர்க்கு இதுவே வாழ்க்கைத் தொழிலாகவும் விரியும்.

இத்தொழிலுக்கு இடர்கள் இல்லாமல் இல்லை. புதிய கண்டுபிடிப்புக்கு எளிதில் கிடைக்கும் நிதி, பழைய மென்பொருளைச் செப்பனிடுவதற்கு எளிதில் கிடைப்பதில்லை. பராமரிப்பவர் விலகியதும் உலகெங்கும் பயன்பட்ட நிரல் நின்றுபோகக்கூடும். பாலம் கட்டியவரின் பெயரைக் கல்லில் பொறிக்கும் உலகம், அதனை ஆண்டுதோறும் பழுதுபார்ப்பவரை மறந்துவிடுவதுண்டு. பராமரிப்பையும் ஓர் ஆய்வுப்பணியாகக் கருதி நிதியும் பதவியும் அளிக்கும் நிறுவனங்கள் உலகில் மெல்லப் பெருகிவருகின்றன. இந்தியக் கல்வி நிலையங்களும் அவ்வழியில் நடத்தல் வேண்டும்.

கடைமடை நீரைப் பெறுவதற்கு மட்டும் உரிய இடம் என்று கருதுதல் பொருந்தாது. ஆற்றுநீரும் கடல்நீரும் சந்திக்கும் இக்கரையில் உவர்மண்ணில் வாழும் பயிர்களும், கழிமுக மீன்களும், நுண்ணுயிர்களும் உண்டு. அவற்றை அருகிருந்து காணும் வாய்ப்பு மேட்டுநிலத்தின் பெரிய ஆய்வகங்களுக்கு இல்லை. காரைக்காலில் எடுக்கப்படும் ஒரு படிமம் முறையான குறிப்புகளுடன் திறந்துவைக்கப்படுமாயின், அறிவின் நீரோட்டம் இங்கிருந்தும் புறப்படும். அவ்வோட்டம் தடைப்படாமல் வாய்க்காலைக் காத்துநிற்பவர், ஒரு கண்டுபிடிப்புக்கும் தம் பெயரைச் சூட்டாமலே பல கண்டுபிடிப்புகளுக்குத் துணைநின்றவராகிறார்.